நாலாம் மதகு தாண்டாத விளையாட்டு

மதியச் சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டுதான் ஹம்சிகா அந்தக் காணொளியைப் பார்க்கத் தொடங்கினாள். மன்னார் நகரத்தில் அவள் வேலை செய்யும் அச்சகத்தின் பின்னறையில் அந்நேரம் வேறு யாரும் இருக்கவில்லை. காணொளியின் முதல் பாதியில் அவளுக்கு நிலத்தில் கால் பாவவில்லை. மறுபாதியில் சோறு இறங்கவில்லை.

பேசப்பட்டது அவளுடைய விளையாட்டைப் பற்றி. பெயர் ‘ஒன்பதாம் மதகு’. பகலெல்லாம் கல்யாண அழைப்பிதழும் கடைப் பெயர்ப்பலகையும் வடிவமைத்துவிட்டு, உயிலங்குளத்து வீட்டுக்குத் திரும்பிய பின் மிஞ்சிய பொழுதுகளைச் சேர்த்துச் சேர்த்து அவள் கட்டியது. பழைய கணினி விளையாட்டுகளின் பாணியில் சின்னச் சின்னச் சதுரங்களால் ஆன படங்கள். சண்டையும் பழைய பாணிதான். ஒருவர் அடித்த பிறகுதான் மற்றவரின் முறை வரும். யோசிக்க நேரம் இருக்கும். புழுதிப் பூதங்கள் தண்ணீரை மறித்துவிட்ட ஒரு நாட்டில் நாலு பேர் புறப்பட்டு ஒன்பது குளங்களின் மதகுகளைத் திறக்கப் போகிறார்கள். அதுதான் கதை. இசை மட்டும் சித்தப்பாவின் மகள் நிருஷா போட்டது. மற்றதெல்லாம் ஹம்சிகாவின் கை.

இணையத்தில் ஏற்றி மூன்று கிழமையாகியும் ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை. முதன்முதலாகப் பேசியவன் ரிஸ்கான். கொண்டச்சியிலிருந்து தமிழில் விளையாட்டுகளை விமர்சிக்கிறவன். பார்ப்பவர்கள் அதிகமில்லை. ஆனால் பார்ப்பவர்கள் அவன் சொல்லை நம்புவார்கள்.

“படம் ஒவ்வொண்டும் மாலை கோத்த மாதிரி இருக்கு,” என்றான் அவன். “மியூசிக் காதை விட்டுப் போகுதில்லை. ‘பொறுத்தல்’ எண்டு ஒண்டு வச்சிருக்கிறாங்க. உங்கட முறை வரேக்கை அடிக்காமல் பொறுத்திருந்தா, அடுத்த அடி ரெண்டு மடங்கு. இடையிலை பூதம் உங்களை அடிச்சிட்டா எல்லாம் வீண். ஒவ்வொரு தரமும் நெஞ்சு படபடக்குது. இதை யோசிச்ச ஆளுக்கு ஒரு சலாம்.”

பிறகு அவன் தொண்டையைச் செருமிக்கொண்டான்.

“ஆனா நான் இதை முடிக்கயில்லை. நாலாம் மதகோட விட்டுட்டன். நாலடி வச்சா ஒரு பூதம் குதிக்குது. அதை அடிச்சிட்டு நாலடி வச்சா இன்னொண்டு. சேவ் பண்ணுறதெண்டா மதகடியிலை மட்டும்தான். கூட வாற வைத்தியர் கந்தப்பர் செத்தா செத்ததுதான், எழும்ப மாட்டார். பழைய கேம் மாதிரிச் செய்யிறது நல்ல விசயம். பழைய கேமின்ட கரைச்சலையும் சேர்த்தே கொண்டு வரவேணுமா?”

ஹம்சிகா சாப்பாட்டுப் பெட்டியை மூடினாள். அந்தச் சூட்டோடேயே அவனுக்குச் செய்தி அனுப்பினாள். “முடிக்காத ஒண்டுக்கு எப்பிடி ரிவியூ போடுவீங்கள்?”

பதில் உடனே வந்தது. “முடிக்காமல் விட்டதுதான் அக்கா ரிவியூ.”

அன்று பின்னேரம் முழுக்க அவள் கொதித்துக்கொண்டிருந்தாள். “அவனுக்கு விளையாடத் தெரியேல்லை, அவ்வளவுதான்,” என்று நிருஷாவிடம் சொன்னாள். “பழைய கேமெல்லாம் அப்பிடித்தான். பொறுமை வேணும்.”

“மியூசிக் நல்லமெண்டவன் பொய் சொல்லமாட்டான்,” என்றாள் நிருஷா. “கோவமெண்டா நேரை போய்க் கேள். நான் ஸ்கூட்டியிலை கொண்டுபோறன்.”

விளையாட்டாகத்தான் சொன்னாள். ஹம்சிகா விளையாட்டாக எடுக்கவில்லை. ‘எனக்கு முன்னாலை இருந்து விளையாடிக் காட்டுங்கோ, வாறன்’ என்று ரிஸ்கானுக்கு எழுதினாள். ‘தாராளமா வாங்கோ’ என்று அவனும் எழுதினான். ‘ஒரு கண்டிசன். நான் விளையாடி முடியுமட்டும் நீங்க வாய் திறக்கப்படாது.’

ஞாயிற்றுக்கிழமை காலையில் இருவரும் புறப்பட்டார்கள். நானாட்டான் வயல்களைக் கடந்து, அருவியாற்றுப் பாலம் தாண்டிக் கடற்கரைப் பக்கம் இறங்கியதும் காற்று மணலை வாரி முகத்தில் அடித்தது. முகத்தைத் துடைத்துக்கொண்டே ஹம்சிகா, அவன் எந்த இடத்தில் பிழை விடுவான், தான் அதை எப்படிச் சுட்டிக்காட்டுவது என்று மனதுக்குள் ஒத்திகை பார்த்தபடி வந்தாள்.

ரிஸ்கானின் வீட்டுக்கு முன்பக்கச் சுவர் மட்டும் பூசியிருந்தது. அவனுடைய உம்மா நசீறா வாசலுக்கே வந்து, “வாங்கோ மகள், வெயிலுக்குள்ளால வந்திருக்கிறீங்க,” என்று உள்ளே கூட்டிப்போய்க் கதிரை போட்டார். முன்பள்ளியில் படிப்பிக்கும் தங்கை அஸீபா பால் விடாத இஞ்சிப் பிளேன்ரீ கொண்டுவந்து வைத்துவிட்டு, சுவரில் சாய்ந்து நின்றாள். வந்தவர்களைவிட, ரிஸ்கான் நானா இன்றைக்கு என்ன பேச்சு வாங்கப்போகிறான் என்று பார்க்கத்தான் அவளுக்கு ஆசை என்பது முகத்தில் தெரிந்தது.

ரிஸ்கான் மடிக்கணினியை மேசையில் வைத்து, முதலிலிருந்து தொடங்கினான்.

இரண்டாம் மதகு வரைக்கும் ஹம்சிகாவுக்குச் சொர்க்கம். அவன் நாலு பேரில் ஒருவனான வலைகாரனை அடிக்கவிடாமல் பொறுக்க வைத்தான். மறுபடியும் பொறுக்க வைத்தான். பூதம் கை ஓங்கியபோது மூச்சை அடக்கிக்கொண்டான். பூதத்தின் அடி அவனுக்குப் பக்கத்தில் நின்ற கூட்டாளிக்கு விழ, வலைகாரன் ஒரே வீச்சில் பூதத்தைச் சாய்த்தான். “அப்பிடிப் போடு!” என்று ரிஸ்கான் மேசையில் தட்டியதில் தேத்தண்ணி தளும்பியது. ஒருவன் தன் விளையாட்டை விளையாடிச் சத்தம் போடுவதை ஹம்சிகா அதுவரை கேட்டதில்லை. நிருஷாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

மூன்றாம் மதகுக்குப் போகும் வழியில் சத்தம் அடங்கியது. பூதம் வந்தது. அடித்தான். நாலடி நடந்தான். பூதம் வந்தது. இப்போது அவன் திரையைப் பார்க்கவில்லை. ஒரு விரல் ஒரே பட்டனைத் தட்டிக்கொண்டிருக்க, மற்றக் கையில் கைபேசியை எடுத்தான். “உம்மா, வாப்பா மீன் கொண்டாந்தவரா?” என்று குசினிப் பக்கம் பார்த்துக் கேட்டான். திரையில் தேள் உருவான கொடுக்கன் பூதம் செத்து விழுந்தது. அதன் எட்டுக் கால்களும் ஒன்றுக்கொன்று இடிபடாமல் நடக்கவேண்டும் என்று அவள் ஒரு மாதப் பின்னேரங்களைச் செலவழித்துக் கீறிய பூதம். அது வந்ததையும் அவன் காணவில்லை, செத்ததையும் காணவில்லை.

காணொளியில் அவன் சொன்னது எதுவும் இவ்வளவு வலிக்கவில்லை. ‘அந்தப் பக்கத்தாலை போகாதேங்கோ, வரம்பாலை போனா பூதம் குறைவு’ என்று சொல்ல அவள் வாயெடுத்தாள். நிருஷா தொடையில் கிள்ளினாள்.

“நானா, எனக்கு ஒருக்காத் தாங்களேன்,” என்றாள் அஸீபா. மூன்றாம் மதகு அப்போதுதான் திறந்திருந்தது. ரிஸ்கான் எழும்பி இடம் விட்டான்.

அஸீபாவுக்கு இந்த மாதிரி விளையாட்டுப் பழக்கமில்லை. ஆனால் ஒரு சொல் விடாமல் வாசித்தாள். கந்தப்பர் ஒவ்வொரு மூலிகைக்கும் ஒரு பெருமை பேசுவதைப் படித்துச் சிரித்தாள். ஒவ்வொரு பூதத்துக்கும் நின்று யோசித்தாள். தோற்கப் பார்த்தாள், தப்பினாள். வற்றிப்போன குளத்தை அங்குலம் அங்குலமாகக் கடந்தாள். நாலாம் மதகின் கல் திரையின் மூலையில் தெரிந்த வேளையில் கரண்ட் நின்றது. அந்த மடிக்கணினியின் பற்றரி எப்போதோ செத்துப்போனது. திரை கறுத்தது.

“இப்ப நான் வந்த வழியெல்லாம்?” என்று கேட்டாள் அஸீபா.

“போச்சு. மூண்டாம் மதகிலயிருந்து மறுக்கா நடக்கவேணும்,” என்றான் ரிஸ்கான்.

அவள் கோபப்பட்டிருந்தால் ஹம்சிகா தாங்கியிருப்பாள். அவள் கோபப்படவில்லை. “ஓ,” என்றாள். மடிக்கணினியை மெல்ல மூடினாள். “மழை வாற மாதிரிக் கிடக்கு, உடுப்பை எடுத்துட்டு வாறன்,” என்று எழும்பிப் போய்விட்டாள்.

ரிஸ்கான் மூடிக் கிடந்த மடிக்கணினியை ஒதுக்கி வைத்தான்.

“அக்கா, இனி நீங்க கதைக்கலாம்,” என்றான் ரிஸ்கான். “ஒண்டு மட்டும் கேக்கிறன். நீங்க முதலிலயிருந்து கடைசி மட்டும் விளையாட எவ்வளவு நேரம் எடுக்கும்?”

“ஏழு மணித்…” என்று தொடங்கியவள் நின்றாள்.

அவளுடைய கணினியில் ஒரு பட்டன் இருந்தது. அதை அழுத்திக்கொண்டு நடந்தால் பூதமே வராது. பிழை தேடுவதற்காக ஆரம்பத்திலேயே தனக்கென்று வைத்துக்கொண்டது. நினைத்த இடத்தில் சேவ் பண்ணவும் அவளுக்கு வழி இருந்தது. ஏழு மணித்தியாலம் என்பது அந்தப் பட்டனை அழுத்திய விரலின் கணக்கு. அவள் சிறுவயதில் உருகி உருகி விளையாடிய பழைய விளையாட்டுகளும் அப்படித்தான். கணினியில் வேகத்தைக் கூட்டிவிட்டு, அலுப்பான இடங்களைத் தாண்டித் தாண்டித்தான் முடித்திருந்தாள். பொறுமை வேணும் என்று ஊருக்குச் சொன்னவளுக்கு அந்தப் பொறுமை ஒருநாளும் தேவைப்பட்டதில்லை.

“நான் இதை உங்களை மாதிரி ஒருநாளும் விளையாடினதில்லை,” என்றாள்.

ரிஸ்கான் வெற்றிச் சிரிப்பு ஒன்றும் சிரிக்கவில்லை. “அப்ப ஓட்டோ பட்டன் ஒண்டு போடுங்க. பூதம் வந்தா கேமே அடிச்சிட்டுப் போகட்டும். கந்தப்பரையும் எழுப்பி விடுங்க. சரியாயிடும்,” என்றான்.

“யோசிக்கிறன்,” என்றாள் ஹம்சிகா.

திரும்பி வரும் வழியெல்லாம் யோசித்தாள். அருவியாற்றுப் பாலத்தடியில் மழை பிடித்துக்கொள்ள, ஒரு கடையோரம் ஒதுங்கி நின்றபோது நிருஷாவிடம் சொன்னாள். “ஓட்டோ பட்டன் போடமாட்டன். பாக்காமலே அடிக்கலாமெண்டா அந்தச் சண்டை அங்கை என்னத்துக்கு? குறை பட்டனிலை இல்லையடி, சண்டைதான் கூடிப்போச்சு. அதுகளைத் தூக்கப்போறன்.”

“கந்தப்பர்?”

“கந்தப்பர் செத்தா செத்ததுதான். அதிலை கை வைக்கமாட்டன்.”

வீட்டுக்கு வந்து அவள் செய்த முதல் வேலை, அந்தப் பட்டனை அழித்தது. பிறகு தன் விளையாட்டைத் தானே முதலிலிருந்து, பூதம் பூதமாக விளையாடினாள். மூன்றாம் மதகைத் தாண்டியதும் தன் கை தானாகவே கைபேசியைத் தேடுவதைக் கண்டாள். அந்த இடத்திலேயே நிறுத்திவிட்டு வெட்டத் தொடங்கினாள்.

மூன்றில் இரண்டு பங்குச் சண்டை போனது. மிஞ்சிய பூதங்கள் இனி மண்ணுக்குள்ளிருந்து குதிக்கவில்லை. குளக்கட்டில் எல்லாரும் காண நின்றன. சுற்றிப் போவதா, எதிர்த்துப் போவதா என்பது விளையாடுகிறவர் பாடு. ஒவ்வொரு பூதத்தையும் வேறு விதமாக யோசித்தால்தான் வெல்லலாம் என்று மாற்றினாள். எங்கே நின்றாலும் சேவ் பண்ணலாம். எட்டுக் கால் கொடுக்கனுக்கு எங்கே தேடியும் இடம் வரவில்லை. அதையும் தூக்கினாள்.

“அதுக்கெண்டு தனி மியூசிக் போட்டனான்!” என்று நிருஷா கத்திவிட்டு, சில நாள் இந்தப் பக்கமே வரவில்லை. பிறகு ஒரு பின்னேரம் தானாக வந்து, அதே மெட்டை இழுத்து மெதுவாக்கி ஆறாம் மதகுக் கிராமத்துக்குப் போட்டுக் காட்டினாள். கொடுக்கனுக்கு இருந்ததைவிட அங்கே அது பொருந்தியது. இருவரும் அதைச் சொல்லிக்கொள்ளவில்லை.

வெட்டியதால் வேறு வில்லங்கமும் வந்தது. பூதங்களை அடித்துத்தான் நாலு பேருக்கும் பலம் ஏறும். சண்டை குறைந்ததும் ஏழாம் மதகுக்கு நோஞ்சான்களாகப் போய்ச் சேர்ந்தார்கள். ஒரே அடியில் விழுந்தார்கள். பூதங்களின் பலத்தைக் குறைத்தால் சண்டை சப்பென்று போனது. அடி, காயம், மருந்து எல்லாவற்றையும் திரும்ப நிறுக்க வேண்டியிருந்தது. அப்பா காலபோக நெல் விதைக்கத் தொடங்கும்போது தொடங்கிய வேலை, அறுவடை மெசின் வயலுக்குள் இறங்கிய பிறகும் முடியவில்லை. “உது இன்னும் முடியேல்லையோ பிள்ளை?” என்று அவர் கேட்பதையும் விட்டுவிட்டார். அச்சகத்திலோ கல்யாண மாதம். வேலை தலைக்கு மேல். களைத்து வந்தாலும் ஒரு சண்டையையாவது சரிபண்ணாமல் அவள் எழும்பவில்லை. திரையை மூடும் அஸீபாவின் கை கண்ணுக்குள் நின்றது.

பங்குனியில் புதிய ‘ஒன்பதாம் மதகு’ இணையத்தில் ஏறியது. அடுத்த கிழமையே ரிஸ்கான் இரண்டாவது காணொளி போட்டான்.

“முடிச்சிட்டன்,” என்றுதான் தொடங்கினான். சண்டைகளைப் பற்றி ஒன்றொன்றாகச் சொல்லி வியந்தான். எட்டாம் மதகில் வரம்பைச் சுற்றி ஓடி ஒரு சண்டையும் போடாமல் தப்பியதைச் சிரித்துச் சிரித்துச் சொன்னான். அத்தோடு விடவில்லை. கிராமத்துச் சனமெல்லாம் ஒரே ஆள் கதைக்கிற மாதிரிக் கதைக்குது என்றான். கடைசிப் பூதத்தின் சண்டை இழுபடுகிறது என்றான். கந்தப்பர் விசயம் இன்னும் அநியாயம், மனிசன் மறுக்கா எழும்ப ஒரு வழி இருக்கவேணும் என்றான்.

ஹம்சிகா இந்த முறை சோற்றைச் சாப்பிட்டுக்கொண்டே பார்த்தாள். கடைசிப் பூதத்தைப் பற்றி அவன் சொன்னது சரி. கிராமத்துச் சனத்தைப் பற்றிச் சொன்னது அதைவிடச் சரி; வெட்கமாகவும் இருந்தது. ‘ரெண்டையும் திருத்திறன் தம்பி, மூண்டாவதைத் திருத்தமாட்டன்’ என்று எழுதிவிட்டு, ஆறாம் மதகுக் கிராமத்துக் கிழவிக்கும் தேத்தண்ணிக் கடைக்காரருக்கும் வேறு வேறு வாய் கொடுக்க அன்றே உட்கார்ந்தாள்.

இரண்டு நாள் கழித்து, தெரியாத இலக்கத்திலிருந்து அழைப்பு வந்தது.

“நான் அஸீபா. ரிஸ்கான் நானாட தங்கச்சி.” குரல் இறுகியிருந்தது. “உங்களோட எனக்குக் கோவம்.”

“ஏன், என்ன நடந்தது?”

“ஏழாம் மதகிலை கந்தப்பர் மௌத்தாப் போனார். நீங்க ஏன் அவரைச் சாகவிட்டீங்க? நல்ல மனிசன். அவர் இல்லாமல் எனக்கு அந்தக் கேமே பிடிக்கயில்லை.”

“நான் சாகவிடேல்லை,” என்றாள் ஹம்சிகா. “அவர் அங்கை சாகவேணும் எண்டு நான் எழுதேல்லை. அவரை எங்கை நிப்பாட்டினீங்கள்?”

மறுபக்கம் யோசித்தது. “முன்னுக்கு.”

“ஏன் முன்னுக்கு?”

“வலைகாரன் பொறுத்துக்கொண்டு நிண்டவன். அவனிலை அடி விழக்கூடாதெண்டு…” அஸீபாவின் குரல் தேய்ந்தது. நசீறா யாரையோ கூப்பிடும் சத்தம் தூரத்தில் கேட்டது.

“அப்ப அது நான் செஞ்ச வேலை,” என்றாள் கடைசியில்.

ஹம்சிகா அதற்கு ஆறுதல் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லக்கூடாது என்று அவளுக்குத் தோன்றியது.

“ஆறாம் மதகிலை நான் சேவ் பண்ணினது இருக்கு,” என்றாள் அஸீபா. “அதிலையிருந்து திரும்பப் போகப்போறன். இந்த முறை அந்த மனிசனைக் கடைசி மட்டும் கொண்டுபோய்ச் சேர்க்காட்டிப் பாருங்க.”

“ஓம், போங்கோ,” என்றாள் ஹம்சிகா. சிரிப்பை அடக்க அவள் பட்ட பாடு அஸீபாவுக்குத் தெரிந்திருக்காது. அழைப்பு ஏற்கெனவே துண்டிக்கப்பட்டிருந்தது.