பாலத்தில் எடுத்த படம்

கனடாவில், மார்க்கம் நகரில், விநாயகமூர்த்தி அங்கிளின் புது வீட்டுக் குடிபூரலுக்குச் சித்தி என்னையும் கூட்டிக்கொண்டு போனார். அங்கிள் சித்தப்பாவோடு வேலை செய்கிறவர். அவருடைய மனைவியை நான் பார்த்ததில்லை என்றுதான் வாசலில் சப்பாத்தைக் கழற்றும்வரை நினைத்திருந்தேன். உள்ளே பெயின்ற் மணம் போகவில்லை. சுவரில் ஒரேயொரு படம். கல்பாலமொன்றில், கறுத்த சிலைக்கு முன்னால், மண்ணிறக் கோட் போட்ட ஒரு பெண் தனியாகச் சிரித்தபடி நிற்கிறாள். இரண்டு கரையும் வெட்டப்பட்ட ஒடுங்கிய படம். அவளுடைய தோளின் மேல் நான்கு விரல்கள் இருந்தன. சுண்டுவிரலில் பிளாஸ்ரர். அது என்னுடைய கை.

"எங்கட மனிசி கனடா வாற வழியிலயே ஐரோப்பா சுத்திப் பாத்திட்டா," என்று அங்கிள் வந்தவர்களுக்குக் காட்டினார். "நான் பத்து வருசமா இங்க மல்வேர்ன் பஸ்ஸிலதான் சுத்தினனான்."

"தனியவோ அண்ணை விட்டனீங்கள்?" என்றார் வந்தவர்களில் ஒருவர்.

"வேற ரண்டு பொம்பிளையளோட வந்தவ."

அங்கிளின் மனைவி, யோகமலர் அன்ரி, தட்டில் வடை அடுக்கிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்தார். பிறகு வடையைப் பார்த்தார்.

தொண்ணூற்றொன்று ஐப்பசியில், பிராக் நகரில், எங்களைக் கனடாவுக்குக் களவாக அனுப்பவிருந்த ஏஜென்சிக்காரன் காலை ஏழு மணிக்கே அறையிலிருந்து வெளியே அனுப்பினான். பகலில் அறைக்குள் ஆட்கள் இருந்தால் பக்கத்து வீட்டுக்காரர் பொலிசுக்குச் சொல்லிவிடுவார்களாம். கமெராவோடு நடக்கிறவர்களை யாரும் மறிக்கமாட்டார்களாம். கள்ளப் பாஸ்போட்டின்படி சிவபாதம் அண்ணை தகப்பன், யோகமலர் அன்ரி தாய், பதின்மூன்று வயது நான் மகள். மூவரும் அதற்கு முதல் நாள்தான் ஒருவரையொருவர் கண்டிருந்தோம். இரவு விமானம். அதுவரைக்கும் ஊர் பார்க்க வேண்டும்.

பார்த்தோம். கல் பதித்த தெருக்களில் காலுக்கு அளவில்லாத சப்பாத்தோடு நடந்தோம். பெரிய மணிக்கூட்டுக்குக் கீழே மூன்று தரம் நின்றோம். ஒவ்வொரு மணிக்கும் ஓர் எலும்புக்கூடு மணியடித்தது. அங்கே எப்போதும் கூட்டம் என்பதால் நாங்களும் பயமில்லாமல் நிற்கலாம். மலையேறிப்போய், வாசலில் காவலாளிகளைக் கண்டு, அரண்மனைக்குள் போகாமலே இறங்கினோம். பாண் வெட்டும்போது என் விரலில் கத்தி பட்டது. அன்ரி கைப்பையிலிருந்து பிளாஸ்ரர் எடுத்து ஒட்டிவிட்டார்.

"அன்ரி எண்டு சொல்லாதை. அம்மா எண்டு சொல்லிப் பழகு."

என் அம்மா ஊரில் ஆமியின் செல்லடியில் செத்து எட்டு மாதம் ஆகியிருந்தது. முதலில் வாய்க்குள் சொல்லிப் பார்த்தேன். மத்தியானத்துக்குப் பிறகு பழகத் தேவையிருக்கவில்லை.

பாலத்துச் சிலையின் அடியில் ஒரு தகடு, தொட்டுத் தொட்டு மினுங்கிப்போய் இருந்தது. வெள்ளைக்காரர் வரிசையில் நின்று தொட்டார்கள். நாங்களும் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டோம். "மூண்டு பேரும் ஒண்டாப் போய்ச் சேரவேணும் எண்டு நினைச்சுத் தொடு," என்றார் அன்ரி. அதைத் தொடுகிறவர்கள் அந்த ஊருக்கே திரும்பி வருவார்கள் என்பது அங்கத்தைய நம்பிக்கை. மல்வேர்ன் நூலகத்தில் ஒரு புத்தகத்தில் பிறகு வாசித்தேன். அன்றைக்குப் பாலத்தில், வழியில் போன ஒருவன் எங்கள் கமெராவை வாங்கி, நெருங்கி நிற்கச் சொல்லிக் கையால் காட்டினான். அன்ரியின் தோளில் நானாகத்தான் கையை வைத்தேன்.

பின்னேரம், மகளின் பாஸ்போட் சரிவரவில்லை, இரண்டு பேர்தான் போகலாம் என்றான் ஏஜென்சிக்காரன். அன்ரி கமெராவைக் கைப்பைக்குள் வைத்தார். அவர் படியிறங்கும்போது நான் அம்மா என்று கூப்பிட்டேன். திரும்பவில்லை. அந்த அறையில் ஏழு மாதம் இருந்தேன். இங்கே வந்தபிறகு, வகுப்பில் வாய் திறக்காமலே இரண்டு வருடம் இருந்து, பத்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டேன். இப்போது சித்தியின் பிள்ளைகளைப் பார்க்கிறேன். ஊரில் வீடு எரிந்தபோது படங்களும் எரிந்துவிட்டன. பதின்மூன்று வயதில் என் முகம் எப்படி இருந்தது என்று எனக்குத் தெரியாது. அந்தப் பாலத்தில் எடுத்ததைத் தவிர வேறு படம் இல்லை.

கோப்பைகளை அடுக்கிக்கொண்டு குசினிக்குப் போனேன். அன்ரி குழாயைத் திறந்தார்.

"பிள்ளைக்கு என்னை முந்தித் தெரியாதுதானே," என்றார், தண்ணீரைப் பார்த்தபடி.

"தெரியாது."

"ஆரோ ஒருத்தன்ர பெண்சாதி எண்டு வந்ததை இவருக்குச் சொல்லேல்லை. சொன்னால் தாங்கமாட்டார்."

"நான் சொல்லமாட்டன். வெட்டின துண்டு இருக்கோ அன்ரி?"

"என்ன துண்டு?"

"நான் நிக்கிற துண்டு."

குழாயை மூடினார். "அதை அப்பவே எறிஞ்சிட்டன்."

"நெகட்டிவ்?"

"அதுவும்தான்." ஒரு கோப்பையைத் துடைத்தார். துடைத்ததையே மறுபடி துடைத்தார். "நான் நிண்டிருந்தால் உம்மை ஏத்தியிருப்பாங்களோ, சொல்லும்."

அன்றைக்கு என்னை நீ என்றவர், இன்றைக்கு உம்மை என்றார்.

"இல்லை," என்றேன். அது உண்மை. திரும்பிப் பார்த்திருக்கலாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

"வடை கொஞ்சம் கட்டித் தாறன், கொண்டுபோம்," என்றார்.

வெளிக்கிடும்போது சித்தி கோட்டைத் தேடினார். நான் சுவரைப் பார்த்தேன். ஆணி மட்டும் இருந்தது.

"உதில கிடந்த படம் எங்கை?" என்றார் அங்கிள்.

"கண்ணாடியில தூசி. துடைக்க எடுத்தனான்."

"நேற்றுத்தானே கொழுவினனாங்கள்?"

அன்ரி வடைப் பொதியை என்னிடம் நீட்டினார். வாங்கக் கையை நீட்டினேன். சுண்டுவிரலில் கத்தி பட்ட இடம் இப்போதும் வெள்ளைக் கோடாக இருக்கிறது. அவர் அதைப் பார்த்தார். அங்கிள் ஆணிக்குக் கீழே சுவரைக் கையால் தடவிக்கொண்டு நின்றார். வடையின் எண்ணெய் கடதாசியைத் தாண்டி என் விரல்களில் பட்டது. பொதியின் மற்றக் கரையை அன்ரி இன்னும் விடவில்லை.