அவள் கேட்காத பாட்டுகள்

...இல்லை, அந்தக் குரலில் அழுகை இல்லை, அழுது முடித்தவளின் குரல் அது, மூக்கு மட்டும் லேசாக அடைத்திருக்கும், ஆனால் முகம் கழுவிவிட்டு அடுத்த வேலையைப் பார்க்க எழுந்துவிட்டிருப்பாள், என்று நினைத்துக்கொண்டே அவர் மெழுகுக் கத்தியை ஸ்பிரிட் விளக்கின் சுடரில் காட்டினார். காதில் ஹெட்போன், கையில் யாரோ ஒரு பெரியவரின் மேல்வரிசைப் பல்செட், மெழுகில் பல் பதித்த மாதிரி வடிவம், ஐந்து மணிக்குள் பல் டாக்டரிடம் போயாக வேண்டும். முப்பது வருடமாக இந்த லேபில் பல் கட்டுகிறார், முகமே பார்க்காதவர்களின் சிரிப்பெல்லாம் அவர் கைவேலை. ஹெட்போனில் அந்த ஜப்பான்காரி என்ன பாடுகிறாள் என்று அவருக்கு ஒரு மண்ணும் தெரியாது. தெரியாததுதான் நிம்மதி. தெரிந்த பாட்டையெல்லாம் மனைவி தன்னோடு எடுத்துக்கொண்டு போய்விட்டாள், பதினோரு மாதமாகிறது, எதைப் போட்டாலும் பாடகியை முந்திக்கொண்டு அவள் குரல்தான் வருகிறது, அதுவும் வரிகளைத் தன் இஷ்டத்துக்கு மாற்றிக்கொண்டு. ஒருநாள் பஸ்ஸில் டிரைவர் ஒரு பழைய பாட்டைப் போட்டார், இவர் மூன்று நிறுத்தம் முன்னாலேயே இறங்கி நடந்தே வீடு போய்ச் சேர்ந்தார். பாட்டுக்குப் பயந்து இறங்கினேன் என்று யாரிடம் சொல்வது?

வெளியூரில் வேலையாக இருக்கும் மகள்தான் அந்த ஆப்பைப் போனில் போட்டுக் கொடுத்தாள். வீடு இப்படிச் செத்துக் கிடக்கக் கூடாதுப்பா, ஏதாவது ஓடிட்டே இருக்கட்டும் என்றாள், சொன்ன பிறகு அந்த வார்த்தைக்காக உதட்டைக் கடித்துக்கொண்டாள். வார்த்தையே இல்லாத ஒரு பியானோவைத் தேடிப் போட்டார், அது முடிந்ததும் ஆப் தானாகவே ஜப்பானுக்குப் போய்விட்டது. முதலில் சிட்டி பாப், மழை விட்ட சாலையில் யாரோ கவலையில்லாமல் கார் ஓட்டிப் போவது மாதிரி, அப்புறம் ஒரு பிளேலிஸ்ட் இன்னொன்றின் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போக, ஜாஸ், ஒவ்வொரு சுரத்தையும் வைக்கலாமா வேண்டாமா என்று யோசித்து வைக்கிறவர்கள், என்கா என்ற அந்த ஊர்ப் பழைய சோகப் பாட்டு, குரலை நடுங்க நடுங்க இழுத்து நெஞ்சைப் பிசைகிறவர்கள், தொண்டை கிழியக் கத்தும் ராக் பையன்கள்... அந்தப் பையன்களைக்கூட அவருக்குப் பிடித்துப்போனது, அவருக்காகவும் சேர்த்துக் கத்துகிறார்கள் போல. மூங்கில் குழல் மட்டும்தான் ஆகவில்லை. அதில் சுரம் வருவதற்கு முன்னால் வெறும் மூச்சு வரும், கடைசி வாரம் ஆஸ்பத்திரிக் கட்டிலில் மனைவி இழுத்த மூச்சு, ஒன்று முடிந்து அடுத்தது வருமா என்று இவர் எண்ணிக்கொண்டிருந்த மூச்சு. நாலு நாள் ஹெட்போனைத் தொடவில்லை. அப்புறம் தொட்டார், வேறென்ன செய்வது?

தோளில் யாரோ தட்டினார்கள். பக்கத்து மேசையில் பல்லுக்கு நிறம் ஏற்றும் பெண். "சார், காலால தாளம் போடுறீங்க, என் மேசையே ஆடுது!" என்று சிரித்தாள். தாளமா, நானா? கால் அப்படியே நின்றுவிட்டது. கடிகாரத்தைப் பார்த்தார், நாலு மணி. மூன்றிலிருந்து நாலு வரை, முழுதாக ஒரு மணி நேரம், மனைவியை ஒரு தடவைகூட நினைக்கவில்லை... திருடி மாட்டிக்கொண்டவனைப் போல முகம் சுட்டது, அந்த நேரம் பார்த்து மகளின் அழைப்பு. சாப்பிட்டீங்களா, மாத்திரை போட்டீங்களா, எல்லாம் ஆன பிறகு, என்னப்பா குரல் ஒரு மாதிரி இருக்கு என்றாள். மறைக்கப் பார்த்து முடியாமல், ஒரு பாட்டு கேட்டேன்மா, புதுசா, ரொம்ப நல்லா இருக்கு என்றார். அவள் மெல்லக் கேட்டாள், "அம்மாவுக்குப் பிடிச்சிருக்குமாப்பா?"

இதென்ன கேள்வி, அவளுக்குப் பிடிப்பதும் பிடிக்காததும் இவருக்குத் தெரியாதா? எதிர்வீட்டுத் திரைச்சீலைக்கே அவளிடம் ஒரு தீர்ப்பு உண்டு, அவள் வாயைத் திறக்கும் முன்னே அது இவர் காதில் விழுந்துவிடும், ஏன், அவள் போன பிறகுகூட, போன மாதம் குடை வாங்கியபோது, இந்த நிறத்துல யாராவது குடை வாங்குவாங்களா என்று சத்தமாகவே கேட்டதே... இந்தப் பாட்டுக்கு என்ன சொல்வாள்? மூக்கால பாடுறா என்பாளா, இல்லை கண்ணை மூடிக்கொண்டு கூடவே முனகுவாளா? போனைக் காதோடு அழுத்திக்கொண்டு காத்திருந்தார். விளக்கின் சுடர் ஆடியது, பற்கள் பதித்த மெழுகு உள்ளங்கைச் சூட்டில் இளகத் தொடங்கியது. அவள் குரல் வரவில்லை. "தெரியலம்மா," என்றார், கல்யாணமான முப்பத்தோரு வருடத்தில் அவளைப் பற்றி அந்த வார்த்தையை அவர் சொன்னதே இல்லை, மகளும் அதைக் கேட்டதில்லை போலும், மறுமுனையில் அவள் மூக்கை உறிஞ்சுவது கேட்டது, அப்படியென்றால் இனிமேல் கேட்கப்போகிற ஒவ்வொரு பாட்டும் அவள் அம்மா கேட்காதது...