பியாட்ரிஸ் டீச்சரின் தேரை

ரோஜாப் பதியன் வைக்கக் குழி வெட்டியபோது பியாட்ரிஸின் மண்வெட்டியோடு ஓர் உருளைக்கிழங்கு வெளியே வந்தது. பிறகு அது கண்ணைத் திறந்தது. 1958 மார்ச், ரிச்சர்ட்ஸ் டவுன்.

"தேரை. தூக்கிப் போடு," என்றார் கணவர் ஓஸ்வால்ட்.

பியாட்ரிஸ் போடவில்லை. பெண்கள் பள்ளியில் அறிவியல் டீச்சர் அவள். வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. பதினைந்து நாளில் அதற்காகப் பாடம் பார்க்கப் பள்ளி இன்ஸ்பெக்டர் வருகிறார். தேரையை மண் நிரப்பிய பிஸ்கட் டின்னில் வைத்தாள்.

தொட்டால் பந்துபோல் உப்பியது. கால்கள் குட்டை, குதிக்க வராது, நடக்கும். கரப்பான் பூச்சி போட்டாள், சீண்டவில்லை. வாய் அவ்வளவு சிறியது. குளியலறைக் கதவு நிலையில் கறையான் அரித்த துண்டொன்றைப் பெயர்த்து வைத்ததும் கறையான்களை ஒவ்வொன்றாக நக்கித் தின்றது.

"நம்ம கதவு நிலையத்தான் திங்குது," என்றார் ஓஸ்வால்ட்.

"கறையானத்தாங்க திங்குது."

சொன்ன நாளில் வந்த இன்ஸ்பெக்டர் சுந்தரேசன் வகுப்பின் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தார். பியாட்ரிஸ் டின்னை மேசையில் வைத்து, "இது மண்ணுக்குள்ள வாழுற தேரை," என்று தொடங்கினாள். தேரை பின்னங்கால்களால் மண்ணைத் தள்ளி, மெல்லத் திரும்பித் திரும்பிப் பின்பக்கமாகவே இறங்கியது. கடைசியாகக் கண்கள் மறைந்தன. மாணவிகள் மூச்சு விடாமல் பார்த்தார்கள். சுந்தரேசன் அப்போது குனிந்து பேனாவுக்கு மை நிரப்பிக்கொண்டிருந்தார்.

"எங்கம்மா ஸ்பெசிமன்?"

"உள்ள இருக்கு, ஸார்."

"எடுத்துக் காட்டுங்க."

பியாட்ரிஸ் கையை மண்ணருகே கொண்டுபோனாள். ஏற்கெனவே ஒருமுறை அதை வெட்டி எடுத்தாயிற்று; கையை எடுத்துக்கொண்டாள்.

"இப்பத்தான் போச்சு, ஸார். மழை வந்தா தானா வரும்."

"மழை எப்ப வரும்?"

"ஏப்ரல் கடைசியில, ஸார்."

அவர் கடிகாரத்தைப் பார்த்தார். ஆசிரியை முப்பது நிமிடம் ஒரு டின் மண்ணைப் பற்றிப் பாடம் நடத்தியதாகவும், மாணவிகள் வியப்பூட்டும் கவனத்துடன் கேட்டதாகவும் எழுதிவிட்டுப் போனார். வேலை நிரந்தரமாவது ஆறு மாதம் தள்ளிப்போனது.

ஏப்ரல் இருபத்தாறாம் தேதி சாயங்காலம் இடியோடு மழை கொட்டியது. டின்னில் மண் பிளந்தது. பியாட்ரிஸ் குடை பிடித்து அதை வேலியோரம் கொண்டுபோய்ச் சாய்த்தாள். தேரை நிதானமாக நடந்து சாக்கடைப் பக்கம் போனது. சற்று நேரத்தில் அங்கிருந்து ஆடு கத்துவதுபோல் பெரிய சத்தம் எழுந்தது.

"அதுவா கத்துது?" என்றார் ஓஸ்வால்ட்.

"ஆமாங்க. ஜோடி தேடுது."

அவர் எழுந்து ஜன்னலைச் சாத்தினார். அவள் திறந்து வைத்தாள்.