ஒரு கேள்வியையும் காலியாக விடாதே

அந்தக் கிளினிக்கில் மாத்திரைக்காரிக்கு ஒதுக்கிய அறையில் ஏற்கெனவே ஓர் எடை இயந்திரம் குடியிருந்தது. அது பழுதாகி மூன்று வருடம் ஆகிறது. யார் ஏறி நின்றாலும் நாற்பத்திரண்டு கிலோ என்றே காட்டும். அதனாலேயே அதைத் தூக்கிப் போட யாருக்கும் மனசு வரவில்லை. வரவேற்பு மேசைப் பெண் தினமும் காலையில் ஒரு தடவை அதில் ஏறி இறங்கிவிட்டுத்தான் வேலையை ஆரம்பிப்பாள்.

மாத்திரைக்காரி என்பது அவர்கள் வைத்த பட்டப்பெயர். அவள் படித்த படிப்புக்குப் பெயர் கிளினிக்கல் பார்மசிஸ்ட். மருந்து விற்பது அவள் வேலை இல்லை. யார் என்ன மருந்தை, எதற்காக, எத்தனை நாளாக விழுங்குகிறார்கள் என்று தோண்டித் துருவிக் கேட்பதும், வேண்டாததை டாக்டரிடம் சொல்லி நிறுத்த வைப்பதும்தான் வேலை. சேர்ந்த முதல் நாளே இதை எல்லோருக்கும் பொறுமையாக விளக்கினாள். எல்லோரும் பலமாகத் தலையாட்டினார்கள். ஆட்டி முடித்ததும், தலைவலிக்கு ரெண்டு மாத்திரை இருந்தால் கொடுங்களேன் என்று கை நீட்டினார்கள்.

டாக்டர் நல்லவர். அவருடைய வியாதியே அதுதான். வந்தவரை வெறுங்கையோடு அனுப்ப அவருக்கு மனசு வராது. அதிலும் கணக்கு டீச்சர் வந்துவிட்டால் போதும், மனுஷர் பெட்டிப் பாம்பாக அடங்கிவிடுவார். ஐந்து வருடம் பள்ளியில் அவரை ஆட்டி வைத்த டீச்சர், இன்று எழுபத்தொரு வயதில் அவருடைய நோயாளி. டீச்சர் உள்ளே நுழைந்தால் டாக்டர் எழுந்து நின்றுவிடுவார், 'உட்காரு' என்று அவர் சொன்ன பிறகுதான் உட்காருவார். இரத்த அழுத்தம் பார்க்கும் பட்டை டீச்சர் கையில் இருக்கும். எகிறுவது டாக்டருக்கு.

ஒரு செவ்வாய்க்கிழமை டாக்டர் ஒரு படிவத்தோடு மாத்திரைக்காரியின் அறைக்கு வந்தார். முதியோர் இல்லம் ஒன்றின் படிவம். 'இவரால் இனித் தனியாக வாழ இயலாது' என்று அச்சடித்து, கீழே டாக்டரின் கையெழுத்துக்கு இடம் விட்டிருந்தார்கள். டீச்சரின் மகன் அறையைப் பதிவு செய்துவிட்டான். வெள்ளிக்கிழமைக்குள் கையெழுத்து வேண்டுமாம். கூடவே ஒரு மருந்துப் பட்டியல் வைக்க வேண்டும், அதைத் தட்டச்சு செய்து தர முடியுமா என்று டாக்டர் கேட்டார். என் படிப்புக்குக் கடைசியில் தட்டச்சு வேலைதானா என்று மாத்திரைக்காரிக்குச் சுருக்கென்றது. ஆனால் டாக்டரின் முகத்தைப் பார்த்ததும் சரி என்று பட்டியலை வாங்கிக்கொண்டாள்.

டீச்சர் அடுப்பில் பாலை வைத்துவிட்டு மறந்துபோகிறாராம். பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கு வாய்ப்பாடு சொல்லிக் கொடுக்கையில் ஏழெட்டு ஐம்பத்திநான்கு என்று சொல்லிவிட்டாராம். போன மாதம் டாக்டர் ஞாபக சக்திக்கான சோதனை வைத்துப் பார்த்தார். நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிக்கச் சொன்னார்.

"தொண்ணூத்தி மூணு சொன்னாங்க, எண்பத்தி ஆறு சொன்னாங்க. அப்புறம் சுவரையே பாத்துட்டு இருந்தாங்க. யாரு? எங்க டீச்சர்." டாக்டர் மூக்கைத் துடைத்துக்கொண்டார்.

அவர் போன பிறகு மாத்திரைக்காரி பட்டியலை எடுத்து வைத்துக்கொண்டாள். எட்டு மருந்துகள். டாக்டர்கள் மருந்தின் பெயரைப் படிப்பார்கள். அவள் முதலில் தேதியைப் படிப்பாள். எட்டையும் தேதி வரிசைப்படி எழுதிப் பார்த்தாள். பாதி எழுதும்போதே கை நின்றுவிட்டது. பட்டியலைத் தட்டச்சு செய்யாமல், டீச்சர் வீட்டுக்குப் போன் போட்டு, வீட்டில் இருக்கும் மருந்து அத்தனையையும் எடுத்துக்கொண்டு மறுநாளே வரச் சொன்னாள்.

புதன்கிழமை டீச்சர் மகனோடு வந்தார். கையில் இரண்டு ஜியாமெட்ரி பாக்ஸ். திறந்தால், காம்பஸ் இருக்க வேண்டிய பள்ளத்தில் தூக்க மாத்திரை, பென்சில் இடத்தில் நெஞ்செரிச்சல் மாத்திரை, அழிரப்பர் இடத்தில் பிரஷர் மாத்திரை. மலச்சிக்கலுக்கான பாட்டில் மட்டும் அதற்குள் அடங்காமல் மகன் கையில் இருந்தது. அவன் அடிக்கொருதரம் கடிகாரத்தைப் பார்த்தான். கெட்டவன் இல்லை. ஆபீசில் உட்கார்ந்துகொண்டு, அம்மா அடுப்பை அணைத்தாளா என்று மாதக்கணக்காகத் தவித்தவன்.

டீச்சரின் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டு பேச்சு மெதுவாகத்தான் வந்தது. ஆனால் கேள்விகளுக்குப் பதில் சொன்னார். மாத்திரைக்காரி ஒவ்வொரு அட்டையாக எடுத்து மேசையில் வரிசையாக வைத்தாள். சர்க்கரை மாத்திரை பழையது, அதில் தகராறு இல்லை. மூன்று வருடத்துக்கு முன் பிரஷர் மாத்திரை. அதை ஆரம்பித்த மாதமே கணுக்கால் வீங்கியிருக்கிறது. வீக்கத்துக்கு நீர் போக ஒரு மாத்திரை. நீர் நிற்காமல் போக, அதை அடக்க ஒரு மாத்திரை. அது வாயை வறட்டி, மலத்தையும் கட்ட, அதற்கு ஒரு பாட்டில். அடக்கியும் ராத்திரி நாலு தடவை எழுந்ததால் தூக்கத்துக்கு ஒன்று. இத்தனையையும் போட்டு வயிறு எரிந்ததால் அதற்கு ஒன்று, தலை சுற்றியதால் அதற்கும் ஒன்று.

"வயசானவங்களுக்கு நீரை அடக்குற மாத்திரையும் தூக்க மாத்திரையும் சேர்ந்தா மூளை மந்தமாயிடும். மறதி வியாதின்னு பார்த்தா அப்படியே தெரியும்" என்றாள் மாத்திரைக்காரி. "இது வியாதியா மருந்தான்னு எனக்கு இன்னும் தெரியாது. மருந்தை எடுத்துப் பார்த்தாதான் தெரியும்."

மகன் கடிகாரம் பார்ப்பதை நிறுத்திவிட்டான். டாக்டரைக் கூப்பிட ஆள் போயிற்று. அவர் வந்து கதவருகிலேயே, வகுப்புக்கு வெளியே நிறுத்தி வைத்த மாணவனைப் போல நின்றார். மேசையில் இருந்த வரிசையை ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரை பார்த்தார். முகத்தில் ஈயாடவில்லை. சர்க்கரை மாத்திரை தவிர ஏழும் அவர் எழுத்து.

ஒவ்வொரு தடவையும் யோசிக்காமலா எழுதினீர்கள் என்று மாத்திரைக்காரி கேட்கவில்லை. கேட்டிருப்பாள், ஆனால் அதற்குள் அவரே ஆரம்பித்துவிட்டார்.

"டீச்சர் பரீட்சையில ஒரு கேள்வியைக் கூட காலியா விடக் கூடாதுன்னு சொல்வாங்க. தப்பா இருந்தாலும் எதையாவது எழுதணும். காலியா விட்டா அஞ்சு மார்க் போயிடும், ஸ்கேல் அடியில முட்டியும் போயிடும்." அவர் தரையைப் பார்த்துக்கொண்டு பேசினார். "அவங்க இங்க வந்து ஒண்ணு சொல்லும்போது, பேசாம இருந்து பாக்கலாம்னு சொல்ல எனக்குத் தைரியம் வரல. எதையாவது எழுதினேன்."

அந்தப் பெரிய மனிதர் நெளிந்து நின்ற கோலத்துக்கு வேறு சமயமாக இருந்தால் மாத்திரைக்காரிக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்திருக்கும். இப்போது வரவில்லை. டீச்சர் அட்டைகளை விரலால் ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டே வந்தார். மனசுக்குள் ஏதோ எண்ணி முடிக்க அவருக்கு வெகுநேரம் பிடித்தது.

"தெரியலன்னா தெரியலன்னு எழுதலாம்னு நான் சொல்லித் தரல" என்றார் கடைசியில். "அது என் தப்பு. மத்ததெல்லாம் உன் தப்பு."

டாக்டர் படிவத்தைச் சட்டைப் பையிலிருந்து எடுத்தார். மகன் அவர் கையைப் பார்த்தான். அவர் கையெழுத்துப் போட்டால் போட்டதுதான், அவளுக்கு அங்கே ஓட்டு கிடையாது. எட்டு வாரம் கொடுங்கள் என்று மகனிடம் கேட்டாள். அதுவரை அடுப்பைக் கவனிக்க யாராவது உடன் இருக்கட்டும், ஒவ்வொரு மாத்திரையாக நிறுத்துவோம், வாரம் இரண்டு முறை நானே வீட்டுக்கு வந்து பிரஷர் பார்க்கிறேன் என்றாள். இல்லத்தில் பிடித்த அறை கைவிட்டுப் போய்விடும் என்று மகன் இழுத்தான். போனால் போகட்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டு, படிவத்தை மடித்து எடை இயந்திரத்தின் அடியில் செருகினார். டீச்சருக்கு எதிரில் அவர் தானாக எடுத்த முதல் முடிவு அது.

முதலில் நீரை அடக்கும் மாத்திரை போனது. பிரஷருக்கு வேறொன்று மாற்றினார்கள், கால் வீக்கம் வடிந்தது, நீர் மாத்திரைக்கு வேலை இல்லாமல் போயிற்று. பாட்டில், எரிச்சல், தலைசுற்றல் எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக மூட்டை கட்டின. தூக்க மாத்திரையை மட்டும் சடாரென்று நிறுத்தக் கூடாது என்பதால் அதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தாள். மூன்றாவது வாரம் டீச்சர் தூக்கமில்லாமல் எரிந்து விழுந்து, மாத்திரைக்காரியை வாசலிலேயே நிற்க வைத்துத் திட்டினார். திட்டில் வார்த்தை பிசகவில்லை, ஒரு வாக்கியமும் பாதியில் நிற்கவில்லை. அவள் வாங்கிக் கட்டிக்கொண்டு, வழியெல்லாம் சந்தோஷமாக நடந்து வந்தாள்.

எட்டாவது வாரம் டீச்சர் கிளினிக்குக்கு வந்தபோது கையில் ஒரே ஒரு ஜியாமெட்ரி பாக்ஸ். எட்டு மருந்து இருந்த இடத்தில் இரண்டரை இருந்தது. அரை, தூக்க மாத்திரை. டாக்டர் எழுந்து நின்றார். உட்காரச் சொன்னதும் உட்கார்ந்தார். நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிக்க முடியுமா டீச்சர் என்று கேட்டார்.

டீச்சர் ஆரம்பித்தார். எண்பத்தி ஆறைத் தாண்டினார். எழுபத்தொன்பது, எழுபத்திரண்டு என்று இறங்கிக்கொண்டே வந்தார். கதவருகில் நின்ற மகன் உதட்டைக் கடித்துக்கொண்டான். ஒன்பது. இரண்டு. போதும் டீச்சர் என்றார் டாக்டர். டீச்சர் நிறுத்தவில்லை. மைனஸ் ஐந்து, மைனஸ் பன்னிரண்டு, மைனஸ் பத்தொன்பது என்று பூஜ்யத்துக்குக் கீழே போய்க்கொண்டே இருந்தார். மைனஸ் நாற்பத்தி ஏழு வரும்போது மகன் வெளியே போய் இல்லத்துக்குப் போன் போட்டு, இத்தனை நாளும் பணம் கட்டிப் பிடித்து வைத்த அறையை வேறு யாருக்காவது கொடுத்துவிடுங்கள் என்றான். மாத்திரைக்காரி எதையோ தேடுவதுபோல மேசைக்கடியில் குனிந்துகொண்டாள். அங்கே எதுவும் விழுந்திருக்கவில்லை.

கிளம்பும்போது டீச்சர் ஒன்று சொன்னார். படி ஏறும்போது ரெண்டு நாளாக முட்டி கொஞ்சம் வலிக்கிறதாம்.

டாக்டரின் கை மருந்துச் சீட்டுக்குப் போனது. டீச்சர் பெயரை எழுதினார், தேதியை எழுதினார். பேனா அடுத்த வரியில் நின்றது. மாத்திரைக்காரி நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. டாக்டர் பேனாவை மூடினார்.

"எனக்குத் தெரியல டீச்சர். ஒரு வாரம் பாக்கலாம். குறையலன்னா வாங்க."

டீச்சர் அந்தச் சீட்டை வாங்கிக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பார்த்தார். பெயர், தேதி, அதன் கீழே வெள்ளைக் காகிதம். கைப்பையிலிருந்து சிவப்புப் பேனாவை எடுத்து மூலையில் பத்துக்கு ஏழு என்று போட்டு, சுற்றி வட்டமிட்டு, திருப்பிக் கொடுத்தார்.

"மூணு எதுக்கு டீச்சர் போச்சு?"

"கையெழுத்துக்கு" என்றார் டீச்சர்.