கப்பலேறும் வயசு

கல்யாணமான புதிதில் தைரியராஜ் அமலராணியிடம் பேசிய முதல் பெரிய பேச்சே கப்பலைப் பற்றியதுதான். திருவெறும்பூர்ப் பக்கத்து ஃபேக்டரியில் வெல்டராக வேலை நிரந்தரமாகி ஆறு மாதம் ஆகியிருந்தது. "நாலு வருஷத்துக்கு ஒரு தடவை குடும்பத்தோட எங்க வேணும்னாலும் போயிட்டு வரலாம், டிக்கெட் செலவு கம்பெனியோடது. நாம அந்தமான் போறோம். மெட்ராஸ்லேர்ந்து கப்பல்ல" என்றான். முசிறிக்காரி, பரிசலைத் தவிர வேறு எதிலும் தண்ணீரைக் கடந்தறியாதவள். கப்பல் என்றதும் வாயைப் பிளந்துகொண்டு கேட்டாள். அந்த வாயை மூடுவதற்குப் பன்னிரண்டு வருஷம் ஆயிற்று.

முதல் நாலு வருஷத் தவணையில் மகள் அக்னஸ் கைக்குழந்தை. "பச்சப் புள்ளய வச்சுக்கிட்டுக் கடல்லயா?" என்றான். சரி, நியாயம். இரண்டாம் தவணையில் மகன் அருள்நாதன் தவழ்ந்துகொண்டிருந்தான். "கம்பி இடுக்குல நழுவிட்டான்னா யாரு குதிக்கிறது?" என்றான். அதுவும் நியாயம்தான். இப்படி நியாயமாகவே பேசுகிற மனுஷனோடு எந்தப் பெண்தான் சண்டை போட முடியும்? பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தாள்.

மூன்றாம் தவணை 1982 டிசம்பரோடு முடிகிறது. அக்னஸுக்குப் பதினொன்று, அருளுக்கு ஏழு. ஆடி மாதமே அமலராணி பேச்சை எடுத்தாள். தைரியராஜ் தலையைச் சொறிந்தான். "வேளாங்கண்ணி பஸ்ஸுலயே வாந்தி எடுக்குறவன் அருளு. மூணு நாள் கடல்ல தாங்குவானா? இன்னும் கொஞ்சம் பெருசாவட்டுமே" என்றான்.

அவளுக்கு வந்ததே கோபம். அந்த வாரமே பிள்ளைகள் இருவரையும் முசிறிக்கு இழுத்துக்கொண்டு போனாள். காவிரி நிறையத் தண்ணீர். பரிசல்காரரிடம் சொல்லி, நடு ஆற்றில் பரிசலைப் பம்பரமாகச் சுற்றவிட்டாள். அக்னஸ் கண்ணை மூடிக்கொண்டு ஜெபம் சொன்னாள். அருள் சிரித்த சிரிப்பு இரண்டு கரைக்கும் கேட்டது. திரும்பி வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல், "ஒரு சொட்டு வாந்தி இல்ல. இப்ப என்ன சொல்றீங்க?" என்றாள். தைரியராஜ், "சரி, போவோம்" என்றான்.

அந்த ஒரு வார்த்தையில் அவள் ஐந்து மாதம் உயிர்வாழ்ந்தாள். பிள்ளைகளுக்கு ஸ்வெட்டர் பின்னினாள். அந்தமானில் குளிரே கிடையாது என்று யாரோ சொன்ன பிறகும், கடல் காற்று வேறு என்று சொல்லிப் பின்னி முடித்தாள். கிறிஸ்துமஸ் அன்றைக்கு நடுக்கடலில் இருப்போம் என்பதில் அக்னஸுக்குப் பெருமை பிடிபடவில்லை. கிளம்பும் நாளில் பக்கத்துக் குவார்ட்டர்ஸ் அழகம்மாள் புளிச்சோறு கட்டிக்கொடுத்தாள். அவள் புருஷன் பெரியண்ணன்தான் தைரியராஜுக்கு ஃபோர்மேன். பஸ் ஸ்டாப் வரைக்கும் வந்து பெட்டியை ஏற்றிவிட்டு, "அருளு, அத்தைக்கு ஒரு பெரிய சங்கு எடுத்துட்டு வாடா" என்று அழகம்மாள் கையாட்டினாள்.

திருச்சி ஜங்ஷனில் மெட்ராஸ் ரயில் நின்றுகொண்டிருந்தது. தைரியராஜ் பிளாட்பாரத்துக்குப் போகவில்லை. பெட்டிகளை ஓரமாக வைத்துவிட்டு, பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு பன் வாங்கிக் கொடுத்துவிட்டு, அவளைத் தனியாகக் கூப்பிட்டான்.

"இந்தா பாரு அமலா, கத்தாம கேளு. நாம கப்பலுக்குப் போகல. போலி டிக்கெட்டு ஒரு ஆள் தர்றேன்னு சொல்லியிருக்கான், ஆபீஸுல அதைக் குடுத்துக்கலாம். ஃபேக்டரியில பாதிப் பேரு இப்படித்தான் பண்றான். ஸ்கூட்டர் அலாட்மென்ட் வந்திருச்சு, எட்டு வருஷமா காத்திருந்தது, கம்பெனி குடுத்த டிக்கெட் அட்வான்ஸ அதுக்குக் கட்டலாம். இத வுட்டா அவ்வளவுதான். பதினஞ்சு நாள் ஸ்ரீரங்கத்துல அக்கா வீட்டுல கமுக்கமா இருந்துட்டு வந்துருவோம்."

வாயைத் திறந்தால் ஜங்ஷனே திரும்பிப் பார்க்கும் என்று அவள் பெட்டியின் பிடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"அதுவும் இல்லாம புள்ளைங்க இன்னும் சின்னதுங்க. கப்பலுக்கு வயசு பத்தாது" என்று முடித்தான்.

ஸ்கூட்டர் என்று சொன்னானே, அதோடு நிறுத்தியிருக்கலாம். அப்போதும் அந்தப் பழைய நியாயத்தைக் கடைசியில் கொண்டுவந்து வைத்தான் பாருங்கள், அதுதான் அவளைச் சுட்டது. ஆனாலும் ஸ்ரீரங்கம் பஸ் வந்ததும் ஏறினாள். பெட்டியைத் தூக்கிக்கொண்டு, பிள்ளைகளைத் தள்ளிக்கொண்டு, தன் காலாலேயே ஏறினாள். அதை நினைத்தால் புருஷன்மேல் வந்ததைவிடத் தன்மேல் அதிகமாக ஆத்திரம் வந்தது அவளுக்கு.

நாத்தனார் பேட்ரிசியா ஸ்ரீரங்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சர், தனிக்கட்டை. அம்மா மண்டபம் ரோட்டை ஒட்டிய சந்தில், தெருவைப் பார்த்து ஒரே ஒரு ஜன்னல் வைத்த வீட்டில் வாடகைக்கு இருந்தாள். தம்பி விஷயத்தைச் சொன்னதும் தலையில் கை வைத்துக்கொண்டாள்.

"ஒளியறதுக்கு உனக்கு வேற ஊரே கிடைக்கலயாடா? கிறிஸ்துமஸுக்கு மறுநாள் வைகுண்ட ஏகாதசி. திருச்சி ஜில்லா மொத்தமும் ஆத்துல குளிச்சிட்டு இந்த ரோட்டு வழியாத்தான் கோயிலுக்குப் போவும்."

தைரியராஜுக்கு முகம் வெளுத்தது. அவன் பார்த்த காலண்டரில் இருபத்தைந்தாம் தேதியில் மட்டும்தான் திருநாள் என்று போட்டிருந்தது. பிறந்து வளர்ந்ததெல்லாம் பாலக்கரை மாதா கோயில் நிழலில். இக்கரையில் இருந்துகொண்டே அக்கரையில் என்ன திருவிழா என்று தெரியாமல் முப்பத்தெட்டு வயசு வரைக்கும் வாழ்ந்த புத்திசாலி அவன்.

ஜன்னலைச் சாத்தினார்கள். பிள்ளைகள் வாசலுக்குப் போகக்கூடாது, சத்தமாகப் பேசக்கூடாது. வீட்டுக்குள்ளே தைரியராஜ் பள்ளிக்கூடம் நடத்தினான். ஃபேக்டரியில் நிஜமாகவே அந்தமான் போய்வந்த ஒருவனிடம் விசாரித்து வைத்திருந்தான் போலிருக்கிறது.

"கப்பல்ல எங்க படுத்தோம்?"

"கீழ்த் தளத்துல, ரெண்டு அடுக்குக் கட்டில்ல" என்பான் அருள்.

"சாப்பாட்டுக்கு?"

"மணி அடிப்பாங்க. தட்ட எடுத்துக்கிட்டு வரிசையில நிக்கணும்."

"கடல்ல என்ன பார்த்த?"

"பறக்குற மீனு!"

அக்னஸ் பதில் சொல்ல மாட்டாள். சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பாள். "இவளுக்கு வாய்ல கொழுக்கட்டையா?" என்று அப்பன் எரிந்து விழுவான். அருள்தான் கெட்டிக்காரன். இரண்டு நாளில் அப்பன் சொல்லித்தராததையும் சேர்த்துச் சொல்ல ஆரம்பித்தான். ராத்திரி கப்பல் ஆடியபோது மேல் கட்டிலிலிருந்து அக்கா விழுந்துவிட்டாளாம், நெற்றியில் வீங்கிவிட்டதாம். தைரியராஜ் தொடையில் தட்டிச் சிரித்தான். "பொழச்சுக்குவான்!"

அமலராணி அடுப்படியிலிருந்து வந்தாள். "அவனுக்கு ஈஸ்டர் முடிஞ்சு புதுநன்மை, மொத மொதலா நற்கருணை வாங்கப் போறான். ஏழு வயசாயிருச்சு, பாவம் எது புண்ணியம் எதுன்னு இனிமே அவனுக்கே தெரியும், அவனே பாவத்தைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் பண்ணணும்னு ஃபாதர் சொல்லி அனுப்பியிருக்காரு. நீங்க இங்க உக்காந்து இதைப் பழக்குறீங்க."

"விளையாட்டுக்குச் சொல்றதெல்லாம் பாவமாடி? சின்னப் புள்ள."

"ஓ. கப்பல்னா சின்னப் புள்ள. பாவம்னா சின்னப் புள்ள. ஆபீஸை ஏமாத்துறதுக்கு மட்டும் பெரிய மனுஷனா?"

"மெதுவாப் பேசு, தெருவுல கேக்கும்" என்றான் அவன். அவளுக்கு என்ன பதில் சொன்னாலும் கடைசியில் அங்கேதான் வந்து நின்றான்.

கிறிஸ்துமஸ் பூசைக்குப் பேட்ரிசியா மட்டும் போய்வந்தாள். அமலராணிக்குப் பிறந்ததிலிருந்து ஒரு வருஷமும் தவறாத பூசை. அவள் பிள்ளைகளை உட்காரவைத்து, ஜன்னல் சாத்திய அறையில் மூன்று மங்கள வார்த்தை ஜெபம் சொன்னாள். புதுச்சட்டை போட்டுக்கொண்டு வீட்டுக்குள்ளேயே நின்ற அருள், "இயேசு பொறந்ததையும் மெதுவாத்தான் பாடணுமாம்மா?" என்று கேட்டான். அவள் அவன் சட்டைப் பொத்தானைச் சரிசெய்தாள். பதில் சொல்லியிருந்தால் அன்றைக்கே அந்த வீட்டில் பாத்திரம் பறந்திருக்கும்.

மறுநாள் விடிவதற்கு முன்பிருந்தே சந்து முழுக்க ஜனம். கோவிந்தா கோவிந்தா என்று ஈரத்துணியோடு போய்க்கொண்டே இருந்தார்கள். வெயில் ஏறிய நேரத்தில் கதவு தட்டப்பட்டது. பேட்ரிசியா வாசலுக்குப் போனாள்.

"அம்மா, கொஞ்சம் தண்ணி கிடைக்குங்களா? விரதம், கூட்டத்துல நின்னு இவளுக்குத் தலை சுத்திருச்சு."

பெரியண்ணனின் குரல். எந்தக் கூட்டத்திலும் அடையாளம் தெரிகிற குரல். தைரியராஜ் இரண்டே எட்டில் பின்கட்டுக்குப் போய்க் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டான். போகிற போக்கில் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு போகக்கூட அவனுக்குத் தோன்றவில்லை. அக்னஸ் கட்டிலுக்கு அடியில் நுழைந்தாள். அக்னஸ்! பதினொரு வயசுப் பெண், வகுப்பில் முதல் மாணவி, யாருக்கும் பயப்படாதவள், ஒரு திருடியைப் போலக் கட்டிலுக்கு அடியில் நுழைந்தாள். பாவாடை நுனி வெளியே தெரிந்தது. அதைக் கையால் உள்ளே இழுத்துக்கொண்டாள்.

அமலராணி அந்தக் கையைப் பார்த்தாள். ஐந்து நாளாக அடக்கி வைத்திருந்தது போதும். சொம்பில் தண்ணீரை மொண்டுகொண்டு, நாத்தனாரைத் தாண்டி, நேரே வாசலுக்குப் போனாள்.

"இந்தாங்க அழகம்மாக்கா, குடிங்க. உள்ள வந்து ஃபேனுக்குக் கீழ உக்காருங்க."

அழகம்மாள் சொம்பை வாங்கினாள், குடிக்கவில்லை. "ஏம்மா... நீங்க கப்பல்லல்ல இருக்கணும்?"

அமலராணி வாயைத் திறப்பதற்குள் அருள் அவள் இடுப்பை ஒட்டி வந்து நின்றான்.

"கப்பல் பாதியிலயே ரிப்பேர் அத்தை! பொகையா வந்துச்சு. வேற கப்பல் வந்து கயிறு கட்டி இழுத்துக்கிட்டு வந்தாங்க. நான் அழவே இல்ல. அக்காதான் கட்டில்லேர்ந்து விழுந்துட்டா. உங்களுக்குச் சங்கு எடுத்து வச்சிருந்தேன், அவசரத்துல தண்ணிக்குள்ள விழுந்துருச்சு" என்றான். சங்கு என்று சொன்னபோது அவன் கண்ணில் நிஜமாகவே தண்ணீர் வந்தது.

"அய்யோ எஞ்சாமி!" என்று அழகம்மாள் அவனை அணைத்துக்கொண்டாள். பெரியண்ணனும் பதறிப்போனார். "உசுரு பொழச்சு வந்தீங்களே, அது போதும். தைரியம் எங்கம்மா?"

குளியலறைக் கதவு திறந்தது. முகத்தைத் துடைத்துக்கொண்டு தைரியராஜ் வந்தான். வந்தவன் முகத்தில் ஒரு சிரிப்பு. ஆபத்து தாண்டிவிட்ட சிரிப்பு. மகன் தலையைத் தடவி, "பெரிய கண்டம்ண்ணே! இவன்தான் எங்களுக்கே தைரியம் சொன்னான்" என்றான்.

அந்தத் தடவலைத்தான் அமலராணியால் பொறுக்க முடியவில்லை. மகன் தலையிலிருந்து அவன் கையைத் தட்டிவிட்டாள்.

"பொய்ண்ணே. அத்தனையும் பொய். நாங்க கப்பலைக் கண்ணாலகூடப் பார்க்கல. ஜங்ஷன்லேர்ந்து நேரா இங்கதான் வந்தோம். பொய் டிக்கெட்டு குடுத்து அட்வான்ஸ் பணத்தை வச்சுக்கணும்னு இங்க வந்து பூட்டிக்கிட்டு உக்காந்திருக்கோம். புள்ளைக்கு அஞ்சு நாளா சொல்லிக்குடுத்தது இது. இன்னும் ஆபீஸுல ஒண்ணும் எழுதிக் குடுக்கல. உங்க காலைப் புடிச்சுக் கேக்குறேன், குடுக்க விடாதீங்க."

சொம்புத் தண்ணீர் அழகம்மாள் கையில் அப்படியே இருந்தது. பெரியண்ணன் தைரியராஜைப் பார்த்தார். "ஏகாதசியும் அதுவுமா நான் எதையும் கேக்கல. ஆபீஸ் திறந்ததும் அட்வான்ஸ் பணத்தைத் திருப்பிக் கட்டிடு. கட்டிட்டேன்னு எங்கிட்ட வந்து சொல்லு. சொல்லலன்னா நான் சொல்ல வேண்டியிருக்கும்" என்று சொல்லிவிட்டு மனைவியைக் கைத்தாங்கலாக நடத்திக்கொண்டு கூட்டத்தில் இறங்கினார்.

கதவு சாத்தியதும் தைரியராஜ் குதித்தான். "மானத்தைக் கப்பலேத்திட்டியேடி! நாளைக்கு அந்தாளு மூஞ்சியில எப்படி முழிப்பேன்?"

"பன்னெண்டு வருஷத்துல உங்க மானமாவது ஏறுச்சே" என்றாள் அமலராணி.

அதற்கப்புறம் அவன் கத்தியதும் அவள் கத்தியதும் சந்துக்கே கேட்டிருக்கும். கோவிந்தா சத்தத்தில் யாரும் கவனித்திருக்க மாட்டார்கள். ஸ்கூட்டர், பிழைக்கத் தெரியாதவள், ஊரில் இல்லாத யோக்கியம் என்று அவன் அடுக்கினான். அவளும் விடவில்லை. பிள்ளைகளுக்கு வயசு வரவில்லை என்று சொன்ன ஒவ்வொரு தடவையையும் எடுத்து அவன் முகத்தில் வீசினாள். கட்டிலுக்கு அடியிலிருந்து அக்னஸ் வெளியே வந்து, பாவாடையைத் தட்டிவிட்டுக்கொண்டு, போய் ஜன்னலைத் திறந்தாள். வெளிச்சம் உள்ளே வந்தது. யாரும் அவளைத் தடுக்கவில்லை.

அருள் மட்டும் நின்ற இடத்திலேயே நின்றான். அம்மா தன்னைத்தான் ஊரார் முன்னால் பொய்யன் என்று சொல்லிவிட்டாள் என்று நினைத்துக்கொண்டான். ஒரு வகையில் அவள் சொன்னதும் அதைத்தானே. அமலராணி குனிந்து அவனைத் தூக்கப் போனாள். அவன் கையை உதறிவிட்டு அப்பனிடம் திரும்பினான்.

"அப்பா, அக்கா பயந்துட்டா. நீங்களும் பாத்ரூம்ல போய் ஒளிஞ்சிக்கிட்டீங்க. நான்தானே பயப்படாம வந்து சொன்னேன்? தப்பே இல்லாம சொன்னேன்ல?"

தைரியராஜ் மறுபடியும் முகத்தைத் துடைத்துக்கொண்டான்.

"இப்பவாவது எனக்கு வயசு வந்துருச்சாப்பா? கப்பல்ல கூட்டிக்கிட்டுப் போவீங்களா?"

தைரியராஜ் தரையைப் பார்த்தான். பிறகு அக்கா பேட்ரிசியாவைப் பார்த்தான், பிறகு திறந்திருந்த ஜன்னலைப் பார்த்தான்.

"கேக்குறான்ல? பதில் சொல்லுங்க" என்றாள் அமலராணி.