இரண்டு தரம் கூப்பிட்ட குரல்

சபாபதி எங்கள் தோட்டத்தில் ஆட்களை எழுப்புகிறவன். விடியுமுன் அரிக்கன் விளக்கோடு, நாங்கள் குடியிருந்த லயத்து வாசல் ஒவ்வொன்றிலும் நின்று பேர் சொல்லிக் கூப்பிடுவான். இரண்டே தரம். என் வாசலில் என்றால், "கன்னையா... ஏ கன்னையா." எழுந்தாலும் எழாவிட்டாலும் அடுத்த வாசலுக்குப் போய்விடுவான். மூன்றாம் தரம் கூப்பிட வருவது கங்காணி தம்புசாமியின் பிரம்பு.

மலாய் நாட்டில், கிள்ளானிலிருந்து படகில் போகவேண்டிய ரப்பர் தோட்டம் அது. சீமைச் சண்டை முடிகிற வருஷம் விஷக்காய்ச்சல் வந்தது. அதில் முதலில் போனவன் சபாபதி.

அவனைப் புதைத்த மறுநாளே மேல் லயத்தில் ஒருத்தி அவன் குரலைக் கேட்டாள். பிறகு எங்கள் கீழ் லயத்திலும் கேட்டார்கள். நானும் கேட்டேன். காய்ச்சலில் பாயோடு பாயாகக் கிடந்தபோது, நல்ல உச்சி வெயிலில், வாசலில் நின்று என் பேரை இரண்டு தரம் சொன்னான். துணியை வாயில் திணித்துக்கொண்டேன். செத்தவன் கூப்பிட்டு 'ஏன்' என்று பதில் குரல் கொடுத்துவிட்டால் அவன் பின்னாலேயே போகவேண்டியதுதான். இது எங்களுக்குத் தாய்ப்பாலோடு வந்த பயம்.

அதனால் கதவுகளுக்கெல்லாம் உள்ளே தாழ் விழுந்தது. மருந்து கொடுக்கிற டிரெசரும் படுத்துவிட்டார். துரை பங்களாவிலும் கதவு சாத்தியாயிற்று. யார் இருக்கிறார்கள், யார் போய்விட்டார்கள் என்று ஒருவருக்கும் தெரியவில்லை.

என் கதவுக்கு வந்தது சபாபதியின் பெண்சாதி அஞ்சலை. புல்வெட்டுக்குப் போகிறவள். தாலி அறுத்த ஈரம் காயாதவள் அடுத்த வீட்டு வாசலில் நிற்கக் கூடாது என்பார்கள். அவள் நின்றாள்.

"உள்ளே இருக்கியா, போயிட்டியா?"

நான் வாயைப் பொத்திக்கொண்டேன்.

"இருந்தா இருமித் தொலைடா. நான் சபாபதி இல்லே, அவரு பொஞ்சாதி."

இருமினேன். தவழ்ந்து போய்த் தாழை எடுத்தேன். அவள் கையில் பால்வாளி. அதில் ரப்பர் பாலுக்குப் பதில் கஞ்சி.

நடக்க முடிந்த அன்றைக்கே அந்த வாளியை என் கையில் கொடுத்தாள்.

"எந்திரிச்சிட்டியா? பிடி. கஞ்சி குடிச்சவன் கஞ்சி கொண்டு போகணும். அதான் சட்டம்."

"யாரு போட்ட சட்டம்க்கா?"

"சட்டம் போடுறவங்க எல்லாம் படுத்துட்டாங்க. நான் போட்டேன்."

நோயாளியின் பக்கத்தில் எப்படி உட்காருவது என்பதிலிருந்து அவள்தான் எனக்குச் சொல்லிக்கொடுத்தாள். "தலையைத் தூக்காதே, தோளைத் தூக்கு. முதல்ல உதட்டை நனை. அவங்களா வாயைத் திறந்தாத்தான் ஊத்தணும். மூடின வாயில ஊத்தினா அது கஞ்சி இல்லே, வாய்க்கரிசி." நான் தப்பாகச் செய்தால் கையில் அடிப்பாள். நான் கற்றதை அடுத்து எழுந்தவனுக்குச் சொல்லிக்கொடுத்தேன். கஞ்சிக்கு வீட்டுக்கு ஒரு பிடியாக அரிசி சேர்ந்தது. பக்கத்துக் கம்பத்திலிருந்து, அதாவது மலாய்க் கிராமத்திலிருந்து, ஒருவர் மரவள்ளிக் கிழங்கைத் தோட்டத்து எல்லையில் வைத்துவிட்டுப் போனார். முகத்தை நாங்கள் பார்த்ததில்லை.

ஆனால் பயம் போகவில்லை. மேல் லயத்தில் மாரியாயி வீட்டுக் கதவில் புதிதாக வாளி எடுத்த இரண்டு பெண்கள் கூப்பிட்டிருக்கிறார்கள். இரண்டு தரம் கூப்பிட்டுப் பதில் வராததால் நகர்ந்துவிட்டார்கள். உள்ளே மாரியாயியும் புருஷனும் உயிரோடு, சபாபதி என்று நினைத்து, மூச்சை அடக்கிக்கொண்டு கிடந்திருக்கிறார்கள். நாற்றம் வந்த பிறகுதான் கதவை உடைத்தோம். மாரியாயியின் கை அவள் வாயைப் பொத்தியபடியே இருந்தது.

அன்றைக்கு அஞ்சலை இன்னொரு சட்டம் போட்டாள். மூன்று தரம் கூப்பிட வேண்டும், தன் பேரைச் சொல்ல வேண்டும், கரண்டியால் வாளியில் தட்ட வேண்டும். "அவரு ரெண்டு தரத்துக்கு மேலே கூப்பிட மாட்டாரு. வாளி தட்டி எழுப்புற பழக்கமும் இல்லே. உசிரோட இருந்தப்ப அந்த மனுசனுக்கு எவனும் எந்திரிக்கலே, செத்த பெறகு என்னா மரியாதை!"

கங்காணி தம்புசாமி படுத்தபோது என் முதுகில் விழுந்த பிரம்படிகள் நினைவுக்கு வந்தன. "அந்த ஆளுக்கும் கொண்டு போகணுமாக்கா?"

"முதுகை எனக்குக் காட்டாதே. அவருக்கும் வாய் இருக்குதில்லே?"

கங்காணி சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். "கீழ் லயத்துத் தண்ணி நான் தொடுறதில்லே."

"கண்ணை மூடிக்குங்க கங்காணி. இருட்டுல எல்லா லயமும் ஒண்ணுதான்" என்றாள் அஞ்சலை.

அவர் கண்ணை மூடிக்கொண்டு வாயைத் திறந்தார். எழுந்த பிறகு அவர் கையிலும் வாளி வந்தது. முதல் நாள் பழக்கதோஷத்தில் கதவைப் பிரம்பால் தட்டிவிட்டார். உள்ளே இருந்தவன் காய்ச்சலோடு பின்பக்கம் ஓடப் பார்த்தான். "கரண்டிய்யா, கரண்டி!" என்று அஞ்சலை கத்தினாள். செத்த வீடுகளுக்கு நடுவே அன்றைக்குச் சிரித்தோம்.

ஒருநாள் அடுப்படியில் அவள் என்னைக் கேட்டாள். "உன் வாசல்ல வந்து என்னா சொன்னாரு?"

"பேரைத்தான் சொன்னான். ரெண்டு தரம்."

"என் வாசல்ல மட்டும் வரவே இல்லே." அடுப்பை ஊதினாள். "இருந்தப்பவும் என்னைக் கூப்பிட்டு எழுப்பினதில்லே கன்னையா. அவருக்கு முன்னாடி எந்திரிச்சு அவரை எழுப்பி அனுப்புறவளே நான்தான். எழுப்புறவளை யாரு எழுப்புவா?" நெருப்பு பிடித்த பிறகும் ஊதிக்கொண்டே இருந்தாள்.

அதற்கப்புறம் ஒரு காலையில் அவள் அடுப்பு எரியவில்லை. கதவில் தாழ். மூன்று தரம் கூப்பிட்டேன், பேரைச் சொன்னேன், வாளியைத் தட்டினேன். உள்ளேயிருந்து நூல் போல ஒரு குரல் வந்தது.

"நீ போ. அவரு வருவாரு. இன்னைக்கு என் முறை."

"அக்கா, கஞ்சி ஆறுது."

"அவரு கூப்பிடட்டும்."

கதவை உடைக்கலாம் என்றான் ஒருவன். உடைக்கலாம், வாயை எப்படி உடைப்பது? அவளாகத் திறக்காவிட்டால் ஊற்றக் கூடாது என்று சொல்லிக்கொடுத்ததே அவள்தானே. அவளைச் சாகவும் விட முடியாது. கங்காணிதான் சொன்னார்: "அந்தம்மா எழுப்பின அத்தனை பேரையும் வரச் சொல்லு."

வந்தார்கள். மேல் லயம், கீழ் லயம் என்று பார்க்காமல் அவள் வாசலிலிருந்து பாதை வரைக்கும் வரிசையாக நின்றார்கள். அதுவரை அந்த இரண்டு லயமும் ஒரே வரிசையில் நின்றது காலையில் ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக்களத்தில் பேர் கொடுக்க மட்டும்தான். உச்சிவேளை. காற்றில்லை. வெயிலில் ரப்பர்க் காய்கள் பட்பட்டென்று வெடித்தன. ஒவ்வொருவராகக் கூப்பிட்டு, பேர் சொல்லி, வாளியைத் தட்டினார்கள். அவளை 'ஏய்' என்பதைத் தவிர வேறெதுவும் சொல்லி அழைக்காத கங்காணி, "அஞ்சலையம்மா, நான் தம்புசாமி" என்றார். கதவு திறக்கவில்லை.

வரிசையில் கடைசி ஆள் நான். எனக்குப் பின்னால் இடுகாட்டுக்குப் போகிற பாதை மட்டும்தான். கூப்பிட்டேன், தட்டினேன். வாளியின் ஓசை அடங்கியது.

அப்போது என் பிடரிக்குப் பின்னாலிருந்து வந்தது.

"அஞ்சலை... ஏ அஞ்சலை."

அவ்வளவுதான். மூன்றாம் தரம் இல்லை. கரண்டிச் சத்தம் இல்லை. ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. உள்ளே தாழ் நகர்ந்தது. போய்விட்டாள், இனி அவள் எங்களுக்கில்லை என்றுதான் நினைத்தேன்.

அஞ்சலை நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். எங்களைத் தாண்டி அந்தப் பாதையையே பார்த்தாள். பார்த்துவிட்டு மெல்லப் படியில் உட்கார்ந்து வாயைத் திறந்தாள். கங்காணி அவள் தோளைத் தூக்கிப் பிடித்தார். நான் உதட்டை நனைத்தேன்.

இரண்டு மிடறு இறங்கியதும் சொன்னாள்: "அவரு யாரையும் கூட்டிட்டுப் போக வரலே கன்னையா. எழுப்பத்தான் வந்திருக்காரு. நீங்கதான் எந்திரிக்காமக் கிடந்தீங்க."

அவள் பிழைத்தாள். காய்ச்சல் போன பிறகும் வாளி நிற்கவில்லை. பிள்ளைப்பேறு, சாவு, கூரையில் தீ, எதுவானாலும் வாளி ஓசை கேட்டால் இரண்டு லயமும் எழுந்துவரும். புதிதாகக் கப்பலில் வந்து இறங்குகிறவர்களுக்கு முதலில் அதைத்தான் சொல்லிக்கொடுத்தார்கள்.

நான் இப்போது பட்டணத்தில், பிரிக்பீல்ட்ஸில், ரயில்வேக் கூலி. பக்கத்து அறையில் இருமல்காரர் ஒருவர் தனியாக இருக்கிறார். இடுப்பு நிமிராத சில விடியல்களில் என் வாசலில் பேர் கேட்கிறது, இரண்டு தரம். இப்போதெல்லாம் நான் வாயைப் பொத்துவதில்லை. எழுந்து கஞ்சி வைக்கிறேன். பக்கத்துக் கதவில் மூன்று தரம் கூப்பிட்டு, என் பேரைச் சொல்லி, வாளியைத் தட்டுகிறேன்.