தேவகிருபையின் நெஞ்சில் ஓடிய பெங்களூர்த் தாளம்

1996 மே மாதம் மில்லிலிருந்து டூர் போன தேவகிருபை, பெங்களூரில் கேட்ட தாளத்தை நெஞ்சுக்குள் வைத்துக்கொண்டே இராஜபாளையத்தில் வந்து இறங்கினாள். டம், டம், டம் என்று நாலு வீடு தள்ளிக் கேட்டது. அந்த வருஷம் தக்காளி விலையும் ஏறியிருந்ததால் தெரு இரண்டையும் சேர்த்தே பேசியது.

நூற்பாலையில் கூம்புகளில் நூல் சுற்றும் கோன் வைண்டிங் வேலை பார்க்கும் பெண்களை ஏற்றிப்போன பஸ், லால்பாக்கில் பூ பார்த்த கையோடு ஒரு மண்டபத்து வாசலில் நின்றது. பாட்டுக் கச்சேரி என்று நம்பி டிக்கெட் எடுத்து உள்ளே போனார்கள். வெளியே பட்டப்பகல், உள்ளே கும்மிருட்டு; பச்சையும் சிவப்புமாக வெளிச்சம் வெட்டி வெட்டி அடித்தது. மேடையில் ஒல்லியாக ஒருத்தன், காதில் ஹெட்போனோடு இரண்டு இசைத்தட்டுகளைத் தடவிக்கொண்டிருந்தான்.

"பாடுறவன் எங்கட்டி?" என்றாள் தேவகிருபை.

"அந்தா மிசின் பாக்கான்லா, அவந்தான்" என்றாள் கூட வேலை பார்க்கும் சண்முகத்தாய்.

அந்தச் சத்தத்தில் காதுக்கு வேலையில்லை. மில்காரர்களுக்கு அது ஒரு பொருட்டுமில்லை. மெஷின் இரைச்சலில் நின்று நின்று, உதட்டைப் பார்த்தே ஊர்வம்பு முழுக்கப் பேசப் பழகியவர்கள். தரை அதிர்ந்ததும் தேவகிருபையின் கைகள் ஷிப்டு தொடங்கிவிட்டதாக நினைத்துக்கொண்டன. அறுந்த நூலைப் பிடித்தன, முடிச்சுப் போட்டன, விட்டன, அடுத்ததைப் பிடித்தன. சுற்றி நின்ற ஜீன்ஸ் பிள்ளைகள் இதுதான் புது ஆட்டம்போல என்று அவளைப் பார்த்தே செய்ய, மண்டபம் மொத்தமும் இல்லாத நூலை முடிந்து குதித்தது. தேவகிருபை கத்தினாள், சிரித்தாள், ஒரு செருப்பைத் தொலைத்தாள். யாராவது பார்க்கிறார்களா என்று ஒரு தடவைகூடத் திரும்பவில்லை. சண்முகத்தாய் எல்லாவற்றையும் பார்த்தாள். இல்லாவிட்டால் தெருவுக்கு எப்படித் தெரியும்?

ஊர் திரும்பிய பிறகும் தாளம் நிற்கவில்லை. அவளுக்கு ஸ்ரீவில்லிபுத்தூரில் மில் பிட்டர் சத்தியநேசனைப் பேசி முடித்திருந்தார்கள். அவனையும் அவளுக்குப் பிடித்திருந்தது, தாளத்தையும் பிடித்திருந்தது. இதற்காக அவன் போய்விடுவானோ என்று பயந்து நெஞ்சில் தலையணையைக் கட்டிப் படுத்தாள். தலையணை ஆடியதுதான் மிச்சம். விஷயம் அவன் அம்மா ஞானபாக்கியத்தின் காதுக்கும் போனது.

கல்யாணத்துக்கு முன்னால் வேதக்கோயிலில் மூன்று ஞாயிறு திருமண ஓலை வாசித்து, ஆட்சேபணை உண்டா என்று கேட்பது வழக்கம். மூன்றாவது ஞாயிறு ஞானபாக்கியம் மகனோடு பஸ் ஏறி வந்துவிட்டாள். போதகர் கேட்டு வாய் மூடவில்லை, பெண்கள் பக்கத்துக் கடைசி பெஞ்சிலிருந்து எழுந்தாள். அவள் எழுந்ததைக் கண்ட தேவகிருபைக்கு நெஞ்சு அடித்துக்கொண்டது. அந்த நெஞ்சு அடித்துக்கொண்டால் என்ன ஆகும்? பெஞ்சுகள் குதித்தன, சரவிளக்கு கிலுகிலுத்தது, காணிக்கைத் தட்டு தானாக நகர்ந்தது.

"ஆடிட்டு வந்த பிள்ள எனக்கு வேண்டாம், நிறுத்துங்கய்யா!" என்று ஞானபாக்கியம் தொண்டை கிழியக் கத்தியது அந்த டம் டம்மில் யார் காதிலும் விழவில்லை. சபையில் பாதிப் பேர் மில்காரர்கள். அத்தனை பேரும் அவள் உதட்டைப் படித்துவிட்டு ஜன்னலைப் பார்த்தார்கள். ஒன்றும் விளங்காத போதகர் சத்தியநேசனைச் சைகை காட்டி அழைத்தார். அவன் அம்மாவை ஒரு தடவை பார்த்தான், தேவகிருபையை ஒரு தடவை பார்த்தான். பிறகு போதகரின் காதில் வாயை வைத்துக் கத்தினான்.

"கல்யாணத்தச் சீக்கிரம் வைக்கச் சொல்லுதாவ, ஐயா!"

அதையும் மில்காரர்கள் படித்தார்கள். தேவகிருபையும் படித்தாள். தாளம் இரட்டிப்பாகி, கோயில் மணி தன்பாட்டுக்கு அடித்தது.

கல்யாணமாகி முதல் வருஷம் ஞானபாக்கியம் காதில் பஞ்சு வைத்துக்கொண்டாள். மருமகள் பிரசவத்துக்குத் தாய்வீடு போனதும் மாமியாருக்குத் தூக்கம் போயிற்று. "வீடு கதவடைச்ச மில்லு மாதிரில்லா கெடக்கு" என்று இராஜபாளையத்துக்கே வந்து உட்கார்ந்துவிட்டாள். பேத்தி பிறந்ததும் வாங்கி, நெஞ்சில் காதை வைத்து நெடுநேரம் கேட்டாள். முகம் வாடிப்போயிற்று.

"ஏலே சத்தியநேசா, பிள்ள நெஞ்சுல ஒரு டம்முகூடக் கேக்கலியே. மதுரையில பெரிய டாக்டர்ட்ட காட்டிருவோமா?"